கிட்டாரின் இரைச்சல் நீங்கிய விவரம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கிட்டார்ப் பெட்டியின் மேலேயே ஒட்டி அனுப்புகிறேன். முழுவதும் படித்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு பெட்டியைத் திறந்தால் போதும்.

வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று கிட்டாரையும் அதன் ஸ்பீக்கரையும் எங்களிடம் விட்டுப் போனபோது, "பத்திரமா வெச்சிருந்தா போதும் மாமா" என்றீர்கள். ஒருவர் சைக்கிளை அப்படி விட்டுப்போனால், காற்று இறங்கிய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மாவா இருப்போம்? அதோடு மகள் போனில் சொன்னது வேறு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "சனிக்கிழமை ரெக்கார்டிங்தாம்பா கடைசி. இதுவும் கைகூடலைன்னா கிட்டாரை வித்துட்டு அவங்க அண்ணன் டயர் கடையில போய் உக்காந்துடறேங்கறார்." டயர் கடை நல்ல தொழில்தான். ஆனால் அடுக்கிய டயர்களுக்கு நடுவில் உங்கள் முகத்தை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. எனவே கிட்டாரை ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தேன். யாரும் தொடாமலேயே அது இரைந்தது; ஆசிரியர் இல்லாத வகுப்பு மாதிரி. இதோடு போனால் யார் வேலை கொடுப்பார்கள் என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"ஏங்க, அது அவரு பொழைப்புங்க, நோண்டாதீங்க" என்றாள் உங்கள் அத்தை. நோண்டவில்லை, பார்க்கத்தான் செய்கிறேன் என்றேன். பார்ப்பதற்குத் திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே எல்லா ஒயர்களும் ஏதோ ஒரு வேலையாக ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஒரு கறுப்பு ஒயர் மட்டும், கிட்டார்க் கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டோடு போய் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. ஆசிரியர் அறையில் இப்படிப்பட்டவர்களைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன் நான். வெட்டினேன். இரைச்சல் இரட்டிப்பாயிற்று. சும்மா இருந்தவர்தான் அத்தனை பேரையும் அடக்கி வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. அவரைத் திரும்பப் பற்றவைக்கப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இதுவரை கிட்டாரைத் தொட்டதுண்டா என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கரண்டுதான் சார்" என்றார். எனக்குத் தைரியம் வந்தது.

ஒயரை ஒட்டியதும் பழைய இரைச்சல் பழைய அளவுக்கு வந்தது. உள்பக்கம் முழுக்க உலோகத் தாள் ஒட்டினால் வெளி இரைச்சல் நுழையாது என்று எங்கோ படித்த நினைவு. சமையலறையில் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாள் இருந்தது, ஒட்டினோம். இரைச்சல் அறவே நின்றது. மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மீட்டிப் பார்த்ததில் இசையும் நின்றிருந்தது. "இப்பதாங்க இது வீட்டுல வெச்சுக்கற மாதிரி இருக்கு" என்றாள் உங்கள் அத்தை. தாள் எங்கோ போய் இடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கெல்லாம் டேப் சுற்றினோம். இசை திரும்பியது, கூடவே இரைச்சலும்.

கடைசியில், உள்ளே மிளகு அளவில் இருந்த கண்டன்சர்தான் குற்றவாளி என்றார் மெக்கானிக். "இத்துனூண்டு இருந்தா எப்படி சார் தாங்கும்?" என்று சொல்லி, மின்விசிறிக் கண்டன்சர் ஒன்றை எடுத்துவந்து மாட்டினார். மூடி மூடவில்லை, அதில் ஒரு ஓட்டை போட்டு, கண்டன்சரின் தலை வெளியே தெரியும்படி விட்டிருக்கிறோம். மடியில் வைத்து வாசிக்கும்போது வயிற்றில் குத்தினால் ஒரு துண்டு வைத்துக்கொள்ளவும். ஆனால் மாப்பிள்ளை, ஒலியைக் கேட்க வேண்டுமே! சளி பிடித்தவர் கம்பளிக்குள் இருந்து பாடுவது போல அத்தனை மென்மை. கரகரப்பு துளியும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு உங்களை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

சனிக்கிழமை வெற்றி உங்களுடையது. நீங்களும் மகளும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமா.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை எடுத்தபோது உங்கள் போன் வந்தது. "மாமா, ஸ்டூடியோக்காரர் இப்பதான் பேசினார். எல்லார் கிட்டாரும் வழவழன்னு ஒரே மாதிரி இருக்காம். நம்ம கிட்டாரோட இரைச்சலும் கரகரப்பும் அப்படியே வேணுமாம். அதுக்காகத்தான் என்னையே எடுத்தாராம்" என்றீர்கள். ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சந்தோஷம் உண்மைதான். ஆகவே பெட்டி இன்று வரவில்லை. கடிதம் மட்டும் வருகிறது. மேலே எழுதியதில் நாங்கள் நலம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். உங்கள் அத்தை நலம் என்பதையும் இப்போதைக்கு உறுதியாகச் சொல்வதற்கில்லை. பழைய கண்டன்சரைத் தேடிக் குப்பைக்கூடையைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைக்குள் இரைச்சலைத் திரும்பக் கொண்டுவருவது தன் பொறுப்பு என்கிறார் மெக்கானிக். "கவலையே படாதீங்க சார். என் கை பட்ட எந்த ஃபிரிட்ஜும் இதுவரைக்கும் சத்தம் போடாம இருந்ததில்ல."