எட்டு மணி வாசகர்

"இன்னைக்கு ஒண்ணு இந்தப் பெட்டி இருக்கணும், இல்ல என் துணி இருக்கணும்!" என்றாள் மனைவி, அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு. உள்ளே, எஞ்சினியர் கணவரின் வலைப்பக்கத்தை ஓட்டும் சர்வர் பெட்டி உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. மடித்து வைத்த துணியெல்லாம் இஸ்திரி போட்ட சூட்டில் இருந்தது.

அவர் அசைவதாக இல்லை. ஆபீசே புது டிசைன் சாஃப்ட்வேருக்கு மாறியபோது, பென்சிலும் கட்டம் போட்ட காகிதமுமாக உட்கார்ந்து மேனேஜரை அழவைத்த மனிதர் அவர்.

"என் எழுத்தை அடுத்தவன் கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் வைக்கமாட்டேன். அதுக்குச் சொந்த இடம் வேணும்."

"சொந்த வீடு வாங்கலாம்னா மட்டும் வாடகையே போதும்கிறீங்க, பெட்டிக்குச் சொந்த இடமா? பழைய ரேடியோவைப் பிரிச்சு மாட்டறதை எழுதறீங்களே, எந்த மகராசன் படிக்கிறான்?"

"ஒருத்தர் படிக்கிறார்! மூணு வருஷமா தினமும் காலையில எட்டு மணிக்கு டாண்ணு வந்துடுவார். இன்னும் இருபது நிமிஷம்தான். பக்கத்துல எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக்கை காட்டும், உன் கண்ணாலயே பாரு."

"வரலேன்னா பெட்டி பழைய சாமான் கடைக்கு. சம்மதமா?"

"சம்மதம்!"

சொல்லி வாய் மூடுமுன், பெட்டி சூடு தாங்காமல் அணைந்தது.

மேசை விசிறியை அலமாரிக்குள் திருப்பி வைத்தார். பெட்டி ஓடியது. கூடவே கம்பளிப் பஞ்செல்லாம் பறந்து போய் அதை அடைக்க, மறுபடி நின்றது. ஊதித் துடைத்து, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோய், மிக்சிக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினார். டப்! வீட்டில் கரண்ட்டே போய்விட்டது.

குளியலறையிலிருந்து மகள் கத்தினாள். "அப்பா, தலை பூரா சோப்பு! மோட்டார் நின்னு போச்சு, தண்ணியில்ல!"

மணி எட்டு. எட்டு ஐந்தும் ஆயிற்று.

"இந்த வீட்டு வயரிங்தான் தப்பு. என் கொள்கையில தப்பில்ல!" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. உள்ளுக்குள் அழுகையே வந்தது. பாவம், அந்த ஒருத்தர் வந்து பார்த்து ஏமாந்து போயிருப்பாரே! அவரை நம்பித்தானே இத்தனை நாள் எழுதினார்.

மனைவி பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டுத் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, நல்ல சேதி. உன் மாப்பிள்ளையோட பெட்டியைத் தூக்கிப் போடப்போறேன்."

"ஐயையோ, வேண்டாம்டி!" என்று அலறினார் மாமியார்.

எஞ்சினியர் துள்ளி எழுந்தார். "கேட்டியா? உங்க அம்மாவுக்கே அருமை தெரியுது!"

"ஏம்மா, இவர் எழுதறதை நீயா படிக்கிறே?"

"படிக்கிறதாவது! தினமும் எட்டு மணிக்கு அவர் பக்கம் திறக்குதான்னு மட்டும் பார்ப்பேன். திறந்தா மாப்பிள்ளை நல்ல மூடுல இருக்கார்னு அர்த்தம், தைரியமா உன் வீட்டுக்கு வரலாம். திறக்கலைன்னா அந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன். அதையும் தூக்கிப் போட்டுட்டா, நான் எதைப் பார்த்துடி கிளம்பறது?"