பென்ட்லிக்குத் தோல் உரித்த கதை

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கோட்டை மைதானத்தில் மோட்டார் விழா. அங்கே தம்முடைய பச்சை பென்ட்லியை முதல் வரிசையில், உள்ளூர்ப் போட்டிக்காரர் அப்துல் வஹாப் சாயபுவின் வண்டிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தாவிட்டால் தம் பெயர் ரத்தினசாமியே அல்ல என்று ஆம்பூர்த் தோல் மண்டி ரத்தினசாமி வியாழக்கிழமை காலையில் சபதம் செய்தார். பல் துலக்கிக்கொண்டே செய்த சபதம். ஆகையால் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மனைவி சம்பூர்ணத்துக்கு மட்டும் கேட்டது. அவளுக்கு எல்லாம் கேட்கும்.

பென்ட்லி என்றால் புதிதல்ல. பெங்களூர்ப் பட்டாளத் தண்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போனது. ஏழு வயசு. ஆனால் என்ன வண்டி! எஞ்சின் மூடியின் குறுக்கே பயில்வான் கச்சை போலத் தோல்வார். ஒரு உறுமல் உறுமினால் ரயிலடியில் தூங்குகிற போர்ட்டர் எழுந்து கொடி காட்டுவான். மணிக்குத் தொண்ணூறு மைல் போகும் என்று முள் சொல்லும். ஆம்பூர்க் கடைத்தெருவில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் மணிக்கு மூன்று மைல் போகும். இரண்டு வேகத்திலும் ரத்தினசாமியின் மார்பு ஒரே அகலந்தான். டயர் இடுக்கில் மட்டும் எப்போது பார்த்தாலும் ஆற்று மணல். காற்று கொண்டுவந்தது என்று நினைத்துத் தாமே துடைத்துவிடுவார்.

இது மூன்றாவது. முதல் இரண்டும் இதே மாதிரி கைமாறி வந்த பந்தயக் கார்கள்தாம். மூன்றையும் தம் டேனரியில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒளித்து வைத்ததாக அவருக்கு எண்ணம். முதல் வண்டி வந்த அன்றே சம்பூர்ணம் கண்டுபிடித்துவிட்டாள். தோல் மண்டிக்காரர் வீட்டுக்கு வந்தால் தோல் நாற வேண்டும். இவர் பெட்ரோல் மணக்க வந்தார்.

"இன்னாங்க, உடம்பு சரியில்லையா? இன்னைக்கு நீங்க நாறவே இல்லையே?"

அகப்பட்டுக்கொண்ட கணவர்கள் உண்மையைச் சொல்லலாம். சட்டத்தில் தடை கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னால் 'எனக்கு ஆசையாக இருந்தது' என்று சொல்ல வேண்டிவரும். ஆசைப்படுவது பெண்பிள்ளைகளின் குணம், ஆண்பிள்ளைகள் செய்வதெல்லாம் காரியம் என்று இவர்களே எழுதி இவர்களே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்களே! ஆகவே ரத்தினசாமி ஒரு காரியத்தைக் கண்டுபிடித்தார்.

"வண்டிக்காகவா வாங்கினேன்? சீட்டுத் தோலுக்காக வாங்கினேன்! வெள்ளைக்காரன் தோலை எப்டிப் பதம் பண்றான்னு ஆராயணும். தொழில் விஷயம், உனக்குப் புரியாது. தோலைத் தொட்டாலே மாட்டுப் பேரைச் சொல்றவன் நான்!"

சம்பூர்ணம் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவர் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

இப்போது, சபதம் முடிந்து அவர் வாய் கொப்பளிக்குமுன் அவள் செம்போடு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேங்க."

"எங்க?"

"வேலூருக்கு. பென்ட்லியில."

"அதுல ரெண்டே சீட்டு."

"நாமளும் ரெண்டே பேருதானே?"

"அட, ஒண்ணு ஓட்றவங்களுக்கு, ஒண்ணு மெக்கானிக்குக்கு. பந்தய வண்டிச் சட்டம் அது. பொண்டாட்டிக்குன்னு வெள்ளைக்காரன் சீட்டே வைக்கல!"

"அப்போ வெள்ளைக்காரி நடந்தா போவா?"

"பேஜார் பண்ணாத, சம்பூர்ணம்!"

அவள் பண்ணவில்லை. செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை ரத்தினசாமி காட்பாடிக்குப் போய்ப் பார்சலில் வந்த புது டயரை எடுத்துக்கொண்டு, அதைக் கட்டிப் பிடித்தபடி சாயங்காலம் திரும்பினார். நேரே கிடங்கு. பென்ட்லியின் மூடியைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். சீட்டு இரண்டையும் காணோம்.

மெக்கானிக் சாமுவேல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாமுவேலு, சீட்டு எங்கப்பா?"

"அம்மா எடுத்துனு போய்ட்டாங்க, மொதலாளி."

வீட்டுக்கு ஓடினார். சம்பூர்ணம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க, நல்ல சேதி! உங்க ஆராய்ச்சியை நானே ஆரம்பிச்சுட்டேன். தோலை உரிச்சுக் குழியில ஊறப் போட்டாச்சு."

ரத்தினசாமியின் தொண்டை வரை ஓர் 'ஐயோ' வந்தது. தொழில் விஷயத்துக்கு 'ஐயோ' சொல்வது எப்படி? விழுங்கினார்.

"ரெண்டு வருஷத்துல ஒரு வண்டித் தோலையும் நீங்க உரிச்ச பாடில்ல. பாவம், உங்களுக்கு வேலை ஜாஸ்தி. இந்தாங்க, மாதிரிக்கு ஒரு துண்டு வச்சிருக்கேன்."

உள்ளங்கை அகலத் துண்டு. அவர் தடவினார். முகர்ந்தார். கன்னத்தில் வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"இந்த வழவழப்பு! சீமைப் பசு, சம்பூர்ணம், சீமைப் பசு! ஏழு ஜென்மம் எடுத்தாலும் நம்ம ஆம்பூர்ல இப்டி ஒரு தோல் வராது!"

"அப்டீங்களா?" என்றாள் அவள், மரியாதையாக. "நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரரு வர்றாரு. மூணு வண்டியையும் எடுத்துக்குறாராம்."

"எதுக்கு?"

"தோல் வந்தாச்சே, எலும்பு எதுக்குங்க? என்னைக்காச்சும் நம்ம மண்டியில மாட்டைக் கொண்டாந்து கட்டி வச்சோமா?"

வாதத்தில் ஓட்டை தேடினார். இல்லை. இருந்த ஒரே ஓட்டையை அவரே தம் பொய்யால் அடைத்துவைத்திருந்தார். தொழில் என்றால் வண்டி போகும். தொழில் இல்லை என்றால் மானம் போகும். டயரைக் கீழே வைத்தார்.

"சம்பூர்ணம்... தோலுக்காக வாங்கல."

"பின்னே?"

"ஆசைக்கு."

"கேக்கலீங்க."

"ஆசைக்கு வாங்கினேன்டி!"

கீரை முறத்தைத் தள்ளிவிட்டு அவள் எழுந்தாள். "அப்டி வாங்க வழிக்கு! தொழில்னா எனக்குப் புரியாது, வாயை மூடிக்கணும். ஆசைன்னா நல்லாப் புரியும். எனக்கும் அதே ஆசைதான்."

அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த கோணியை விலக்கினாள். சீட்டு இரண்டும் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. ரத்தினசாமி தாவிக் கட்டிக்கொண்டார். சீட்டைத்தான்.

"நாளைக்கு வண்டியை நான் ஓட்றேன்," என்றாள்.

"நீயா!"

பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். லைசென்ஸ். போலீஸ் முத்திரை. அவள் பெயர். "நீங்க வண்டி தேடி ஊர் ஊராப் போனீங்களே, அப்பல்லாம் சாமுவேலு பாலாத்துல சொல்லிக் குடுத்தாரு. மணல்ல ஓட்டினவளுக்கு ரோடு எந்த மூலைக்கு?"

தாம் துடைத்த மணலெல்லாம் ரத்தினசாமிக்கு ஞாபகம் வந்தது. "அப்போ நானு?"

"ரெண்டு சீட்டுதானே? ஒண்ணு ஓட்றவங்களுக்கு. இன்னொண்ணு..."

"மெக்கானிக்குக்கு," என்று சட்டத்தை அவரே முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டா தாண்டுமுன் வஹாப் சாயபுவின் வண்டி பின்னால் புழுதியில் மறைந்தது. கோட்டை மைதானத்தில் பென்ட்லி சரியாக ஒரு முழம் முன்னால் நின்றது. "ஓட்டி வந்தவர், ஆம்பூர் சம்பூர்ணம் அம்மாள்!" என்று தகரக் குழலில் கூவினார்கள். மைதானமே கை தட்டியது. ரத்தினசாமியின் மார்பு அதுவரை காணாத அகலத்துக்கு விரிந்து, சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது.

"பார்த்தீங்களா சாயபு! என் பொஞ்சாதி!"

"அவங்களைத் தெரியுது, தோஸ்த்," என்றார் வஹாப். "பக்கத்துல குந்தினு வந்தவரு யாருன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க."

அதுகூட அவருக்கு இனித்தது. திரும்பும் வழியெல்லாம் சீட்டைத் தடவிக்கொண்டே வந்தார். மாதனூர் அருகில் கை நின்றது.

"சம்பூர்ணம், சீட்டு முழுசா இருக்குதே. அப்போ நேத்து நீ குடுத்த துண்டு?"

அவள் கியரை அலுங்காமல் மாற்றினாள்.

"உங்க மண்டி நாற்காலித் தோலுங்க. நம்ம ஆம்பூர் சரக்கு, பத்து வருஷமா அது மேலதான் உக்காந்திருக்கீங்க. மாட்டுப் பேரைச் சொல்றவரு, நாற்காலிப் பேரையாவது சொல்லக்கூடாதா?"