மூன்று சுழியும் ஒரு வாலும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வீடு. அந்த வீட்டிலே ஒரே ஒரு புருஷன். அதனால் அங்கே எது கெட்டுப்போனாலும், யார் மேல் பழியைப் போடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அந்தப் புருஷன் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயிண்டர். அவர் பெண்டாட்டி முன் அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். மெஷின் ஓடுகிற வரைக்கும் வீட்டில் அமைதி. அது நின்றால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். பெயிண்டரின் அப்பா, குடிநீர் ஆபீஸில் வீடுவீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். அவர் வாயில் பேருக்குக்கூட ஒரு பல் இல்லை. பிஸ்கட்டை டீயில் ஊறப்போட்டு, அது ஊறுகிற வரைக்கும் ஜன்னல் வழியாக, மென்று தின்பவர்களை வேடிக்கை பார்ப்பார்.

"என்னங்க, மாமாவுக்கு ஒரு பல் செட் வாங்கணும்" என்பாள் மருமகள்.

"அடுத்த போர்டு காசு வரட்டும்" என்பார் பெயிண்டர்.

போர்டுகள் வந்தன, போயின. பல் மட்டும் வரவில்லை. காரணம், பெயிண்டரின் மனசு முழுக்க மெக்கானிக் ஷெட்டில் விலைக்கு நின்ற ஒரு பழைய கறுப்பு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் பட்டை பிரஷைத் தேடிப் பரணில் ஏறினார். அங்கே அவருடைய பிரஷ் பெட்டி. சிகரெட்டையும் அதில்தான் ஒளித்து வைப்பார். டர்பன்டைன் வாசனை பெண்டாட்டிக்கு ஆகாது, தலைவலி வந்துவிடும். ஆகவே உலகத்திலேயே பத்திரமான இடம் அது என்பது அவர் முடிவு. அன்றைக்குப் பெட்டியைத் திறந்தால், பிரஷ்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ளே அப்பா பேரில், அரசாங்க முத்திரையோடு, எப்போதோ முதிர்ந்துபோன சேமிப்புப் பத்திரங்கள்.

கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே கை கொடுக்க வேண்டிய அப்பா பரணில் எப்படி ஏறினார் என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். பெயிண்டர், மோட்டார் சைக்கிளுக்குக் கறுப்பையே விட்டுவைப்பதா, சிவப்பு அடிப்பதா என்று யோசித்தார்.

"அப்பா, இது என்ன தெரியுதா?"

"கடுதாசி."

"சேமிப்புப் பத்திரம்ப்பா! உங்க பேர்ல!"

"அப்படியா? பரவாயில்லையே."

"மெதுவா பேசுங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"எவளுக்கு?"

"இந்த வீட்ல எத்தனை அவ இருக்கா?"

"அதுவும் சரிதான்" என்றார் பெரியவர்.

"வண்டி வாங்கப் போறேன். முதல்ல உங்களைத்தான் உக்கார வெச்சு ஊரைச் சுத்திக் காட்டுவேன்."

"ஊரை நான் மீட்டர் மீட்டராப் பாத்தாச்சுடா. சீட்டாவது மெத்தையா இருக்குமா?"

மறுநாளே பெயிண்டர் சேமிப்பு அலுவலகத்துக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்த குமாஸ்தா பத்திரங்களைப் பார்த்தார். "ஓ, இதுவா" என்றார். பிறகு பெயிண்டரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "பெரியவர் நேர்ல வரணும். இதுல இருக்கற கையெழுத்து அப்படியே அச்சா என் கண் முன்னால விழணும். வேற வழியே கிடையாது சார்."

அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அது கையெழுத்தா, கோலமா என்று சொல்ல முடியாது. மூன்று சுழி. மூன்றாவது சுழியிலிருந்து ஒரு வால் கிளம்பும். பேருக்கு அடியில் ஓடி, திரும்பி வந்து, முதல் சுழியை மோந்து பார்த்துவிட்டு நிற்கும். அந்தக் காலத்தில் யாரோ ஒரு வீட்டுக்காரர் பெரியவருடைய கையெழுத்தைத் தானே போட்டு, மீட்டர் கணக்கையும் தானே எழுதிக்கொண்டுவிட்டார். அந்தக் கோபத்தில், இனி எவனாலும் போட முடியாத கையெழுத்து ஒன்றை உட்கார்ந்து உண்டாக்கினார் பெரியவர். இப்போது கை நடுக்கம் வந்த பிறகு, அந்த எவனில் அவரும் ஒருவர்.

பெயிண்டருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். எதையும் பெரிதாக்கி, கட்டம் போட்டு வரைவது. கொல்லையில் ஒரு தகரத்தைச் சாய்த்து, கட்டம் போட்டு, அப்பா கையில் பிரஷைக் கொடுத்தார்.

"முதல் கட்டத்துல சுழி... ரெண்டாவதுல சுழி... இப்ப விடுங்க வாலை!"

பெரியவர் விட்டார். வால் தகரத்தைத் தாண்டிக் கொல்லைக் கதவில் ஏறியது.

முன் அறையில் மெஷின் நின்றது.

"என்னங்க, அங்க என்ன நடக்குது?"

"உடற்பயிற்சி."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு. கைக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"பேப்பர்ல எழுதற டாக்டர்."

"பெயிண்ட் அடிக்கச் சொன்னாரா?"

"எனாமல்தான் நரம்புக்கு ஏறுமாம்."

"அப்ப சரி."

மெஷின் மறுபடி ஓடியது. கல்யாணமான நாளாக அவர் சொன்ன எதற்கும் அவள் ஒரே தடவையில் 'சரி' என்றதில்லை. பெயிண்டருக்கு அது உறைக்கவில்லை. தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சி நேரத்துக்கு இரண்டு டம்ளர் டீ தானாக வந்தது. பெரியவர் சட்டை பாழாகாமல் இருக்க, மிச்சத் துணியில் ஒரு மேலங்கி வந்தது. சாய்ந்து உட்கார ஒரு திண்டு வந்தது. 'பாவம், ஒண்ணும் தெரியாதவ' என்று பெயிண்டர் அவளுக்காகக் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டார்.

கதவளவு கையெழுத்து ஜன்னல் அளவானது. ஜன்னல், தாம்பாளம் ஆனது. தாம்பாளம், சிலேட்டு ஆனது. பெரியவர் எதைக் கண்டாலும் கையெழுத்துப் போட்டார். காய வைத்திருந்த சலூன்காரர் போர்டு ஒன்றும் அதில் மாட்டி, யாரும் கவனிக்காமல் அப்படியே கடைக்குப் போய்விட்டது. சலூன்காரர் வாசலில் வந்து நின்றார்.

"பெயிண்டரே, போர்டுல பாம்பு மாதிரி ஒண்ணு ஓடுதே, அது என்னய்யா?"

"டிசைன்."

"வர்றவன் போறவனெல்லாம் என்னன்னு கேக்கறான்."

"கேக்கணும்னா உள்ள வரணும். உள்ள வந்தவனை முடி வெட்டாம விடுவீங்களா?"

சலூன்காரர் தாடையைத் தடவிக்கொண்டார். "அப்ப பின்பக்கமும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

உள்ளேயிருந்து பெண்டாட்டியின் குரல் வந்தது: "மாமா, உங்களைத்தான் கூப்பிடறாங்க!"

இதுவும் பெயிண்டருக்கு உறைக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் அப்பாவும் பிள்ளையும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. பேசிக்கொண்டதெல்லாம் சுழியைப் பற்றித்தான். ஆனாலும் நடுங்குகிற மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து, எந்த இடத்தில் நடுக்கம் வரும் என்பது பெயிண்டருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வருவதற்கு ஒரு நொடி முன்னால் "மூச்சை இழுங்க" என்பார். பெரியவர் இழுப்பார். வால் நேராக ஓடும். கடைசியில் தீப்பெட்டி முதுகில், பால்பாயின்ட் பேனாவால், பழைய கையெழுத்து பத்திரத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி வந்து விழுந்தது. பெயிண்டர் அந்தத் தீப்பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்துக்கு மோட்டார் சைக்கிள்கூட மறந்துபோயிருந்தது.

மறுநாள் அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" மெஷின் நின்றிருந்தது.

"சும்மா. அப்பா கொஞ்சம் காலாற நடக்கணும்னார்."

"நடங்க. மாமாவோட அடையாள அட்டையை எடுத்துக்கங்க. மூக்குக்கண்ணாடியும்."

இரண்டையும் அவர் மறந்திருந்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க நாலு சந்து சுற்றி, பெரியவரை அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பெரியவர் பேனாவை வாங்கினார். "மூச்சை இழுங்க" என்றார் பெயிண்டர். சுழி, சுழி, சுழி, வால். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பிரமாதம் பெரியவரே! போன தடவை மருமகளோட வந்தப்ப, புழு நெளிஞ்ச மாதிரியில்ல போட்டீங்க!"

"யாரோட?" என்றார் பெயிண்டர்.

"உங்க வீட்டம்மாவோடதான் சார். அந்தம்மா நடையா நடந்தாங்க. கையெழுத்து ஒத்துவரலையே, நான் என்ன பண்ண? 'எங்க வீட்டுக்காரர் நினைச்சா பழக்கிடுவார். நான் சொன்னாத்தான் நினைக்க மாட்டார்'னு சொல்லிட்டுப் போனாங்க."

பெயிண்டர் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். பெரியவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா?"

"ஃபேன் என்னடா இவ்வளவு மெதுவா சுத்துது?"

"சார், பணம்...?"

"பெரியவர் கணக்குல ஏறிடும். பென்ஷன் வருதே, அதே கணக்கு. மருமகளும் அவரும் சேர்ந்து வெச்சிருக்கறது."

அப்பாவைப் பென்ஷனுக்கு ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போயிருந்தால் பெயிண்டருக்கு இது தெரிந்திருக்கும். பின் வரிசை பெஞ்சிலிருந்து யாரோ குடையை மடக்கும் சத்தம் கேட்டது. பெண்டாட்டி எழுந்து வந்தாள்.

"நீ எப்ப வந்தே?"

"உங்களுக்கு முன்னாடியே. நீங்க எனக்குத் தெரியக் கூடாதுன்னு சுத்தி வந்தீங்க. நான் நேர் வழியா வந்தேன்."

"பரண்ல அந்தக் கவர்..."

"நான்தான் வெச்சேன்."

"உனக்குத்தான் டர்பன்டைன் ஆகாதே?"

"ஒரு நாள் தலைவலிதானே. சிகரெட்டைப் பத்தி வீட்ல பேசிக்கலாம்."

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன மாட்டேன்னா சொல்வேன்?"

"மாட்டேன்னு சொல்ல மாட்டீங்க. சரின்னு சொல்வீங்க. குழாய்க்கு வாஷர் மாத்தச் சொன்னப்பவும் சரின்னுதான் சொன்னீங்க, அது இன்னும் சொட்டுது. உங்களுக்கு, சொல்லிச் செய்யறது வேலை. ஒளிச்சுச் செய்யறதுன்னா லட்சியம்."

பெயிண்டர் வாயைத் திறந்தார். "அப்ப மோட்டார்..."

"என்ன மோட்டார்?"

"ஒண்ணுமில்ல."

"வாங்க மாமா. பல் டாக்டர் அளவெடுக்க வரச் சொல்லியிருக்கார்" என்று அவள் கை நீட்டினாள். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார். போகிற போக்கில் பிள்ளையின் தோளைத் தட்டினார். "நல்லாத்தான்டா சொல்லிக் குடுத்தே." இரண்டு பேரும் நடந்து வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

பெயிண்டரும் கிளம்பினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் குமாஸ்தா. சுவரோரம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு தாத்தாவைக் கை காட்டினார். "இவருக்கும் கையெழுத்து ஒத்துவரல. ஞாயித்துக்கிழமை காலைல நீங்க சும்மாதான் இருப்பீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க."

தாத்தா பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"தம்பி, என்னோடதுல அஞ்சு சுழி. ஃபீஸை உங்க வீட்டம்மாகிட்ட அப்பவே குடுத்துட்டேன்."

பெயிண்டர் வந்த நாலு சந்தையும் விட்டுவிட்டு, நேர் வழியாகவே நடந்தார். அவர் பின்னாலேயே அந்த அஞ்சு சுழியும் நடந்து போனது.