கப்பல் சாமியும் பன்னிரண்டு கடல் மைலும்

மூன்று மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊட்டி காந்தலில் கேரட் லாரிகள் நகர்வதில்லை. காரணம், கப்பல். கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலே, ஊட்டி ஏரியின் மிதிபடகைத் தவிர வேறு எதிலும் மிதந்தறியாத முந்நூறு பேர், குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாகக் கல்யாண மண்டபத்து வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே கப்பல் சாமி இருந்தார்.

பூர்வாசிரமப் பெயர் ராஜரத்தினம். சொந்த ஊர் காந்தலேதான். ஓர் உல்லாசக் கப்பலில் நான்கு வருடம் தட்டுக் கழுவினார். கடைசி ஆறு மாதம் சீட்டாட்ட அறையில் மேசை துடைத்தார். தட்டுக் கழுவியதற்கு ‘சமுத்திரத் தவம்’ என்றும், மேசை துடைத்ததற்கு ‘ஞானம் பெற்ற காலம்’ என்றும் பேனரில் பெயர் போட்டிருந்தது. அந்த அறையில் நடப்பது போக்கர் போட்டி. ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாகக் கையில். ஐந்து சீட்டு பொதுவாக மேசையில். கையிலிருக்கும் பந்தய வில்லைகள் தீர்ந்தவர் எழுந்து போகவேண்டும், கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் கோப்பையை வாங்கவேண்டும். எதிராளியின் கையில் என்ன சீட்டு என்று தெரிந்துவிட்டால் ஒரு குழந்தைகூட ஜெயிக்கலாம்.

சாமிக்கு அது தெரியுமாம். கண்ணை மூடினால் கவிழ்த்து வைத்த சீட்டு தெரியுமாம். அடுத்த மாதம் கொச்சியிலிருந்து கிளம்பும் கப்பலில் போட்டி. சாமியிடம் காணிக்கை வைத்து ‘சமுத்திர ரட்சை’ கட்டிக்கொண்டு ஏறினால் போதும். சாமி காந்தலில் உட்கார்ந்தபடியே எதிராளியின் சீட்டைப் பார்த்து பக்தரின் காதில் சொல்லிவிடுவார். ரட்சை என்பது கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு சோழி.

“கரையில எதுக்கு வெளையாடக் கூடாது சாமி?” என்று யாரோ ஒருமுறை கேட்டார்கள்.

“கரையில சனி உடமாட்டான். பன்னெண்டு கடல் மைல் தாண்டுனா சனிக்கு அதிகாரம் இல்ல,” என்றார் சாமி.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாட்டின் கடல் எல்லையும், அதோடு சூதாட்டச் சட்டமும் முடிவது பன்னிரண்டு கடல் மைலில்தான். சனி பகவான் கடலோரக் காவல்படையிடம் வரைபடம் கேட்டு வாங்கினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டெல்லாம் தெரிகிற மகான் ஏன் தானே போய்க் கோப்பையை வாங்கி வரவில்லை என்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது பாவம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் வசதியாக இருக்கிறார்கள். கற்றுக்கொண்டவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ரவிச்சந்திரன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு. இருபத்தாறு வருடமாக, வருகிற உதிரிபாகங்களில் மாதிரி எடுத்து, அளந்து, எண்ணி, சரியில்லை என்றால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவது அவர் வேலை. ஒரு திருகாணியைக்கூட அளக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் சாமியை அளக்கவில்லை.

சாமி அவரை அளந்துவிட்டார். “கரையில ஒரு காலு, கப்பல்ல ஒரு காலுன்னு நின்னா அருள் எறங்காது ரவி. வேலைய உடு. அப்புறம் வா,” என்றார். வேலையை விட்டால் கையில் ஒரு தொகை வரும் என்பது அருளுக்கும் தெரியும். ரவிச்சந்திரன் விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிவிட்டார். திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை சாமியின் பாதத்தில் வைத்து எடுக்கவேண்டும்.

சனிக்கிழமை மாலை அந்தக் கடிதம் அவர் மனைவி வாசுகியின் கண்ணில் பட்டது. வாசுகி கோத்தகிரி பக்கம் அரவேணுவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில், தேநீர் ருசி பார்க்கும் அறையில் வேலை செய்கிறவர். கோப்பை கழுவி, டீ ஊற்றி, வரிசையாக அடுக்கிவைப்பது அவர் பொறுப்பு.

“ஏனுங்க, வேலைய உட்டா இந்தக் குவார்ட்டர்ஸையும் காலி பண்ணோணுமே. ஊடு எங்கீங்க?”

“கப்பல்ல ஜெயிச்சா கோத்தகிரியிலயே ஊடு கட்டலாம்.”

“நம்ம பக்கத்துல இருந்து எத்தன பேரு போறாங்க?”

“நாப்பது பேரு.”

“நாப்பது பேருக்கும் ரட்சை இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“ஒரே போட்டியில நாப்பது பேருக்கும் சாமி சீட்டு சொல்வாருங்களா? என் சீட்ட உங்களுக்கும், உங்க சீட்ட எனக்கும்? அப்ப ஜெயிக்கறது யாருங்க?”

“பக்தி யாருக்கு அதிகமோ அவிங்க.”

“மத்த முப்பத்தொம்பது பேரும் வேலையும் இல்லாம ஊடும் இல்லாம கப்பல்ல இருந்து எறங்குவாங்களா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது வாசுகி.”

பதில் இல்லாத கணவன்மார்கள் கட்டிக்கொள்ளும் ரட்சை இது. இதற்குச் சோழிகூடத் தேவையில்லை.

வாசுகிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். “ஒரு திருகாணிக்குப் பண்ற சோதனைய இதுக்குப் பண்ணக் கூடாதுங்களா? நாளைக்கு எல்லாரு முன்னாடியும் நான் கேக்கறேன். சாமி சரியா சொல்லிட்டா, திங்கக்கெழம உங்க கடுதாசிய நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

ரவிச்சந்திரன் சம்மதித்தார். சாமி தோற்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் சாமி, பின்னால் தெர்மாகோலில் வெட்டிய கப்பல். கீழே ஒரு பெஞ்சு. கேரட் கழுவும் வேலைக்குப் போகிற சுப்பம்மாவை அதில் உட்கார வைத்தார்கள். சுப்பம்மா சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, பார்த்து, நெஞ்சருகே பிடித்துக்கொண்டார். சீடர் ஏகநாதன் ஒரு கையில் சாம்பிராணித் தட்டும் மறு கையில் மணியுமாக அவருக்குப் பின்னால் சுற்றிவந்தார். புகை கிளம்பியது. மணி அடித்தது. “விநாயகா, விநாயகா” என்று சீடர் உருகினார்.

“இஸ்பேடு அஞ்சு,” என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல்.

இஸ்பேடு ஐந்துதான். மண்டபம் அதிர்ந்தது. சுப்பம்மா அழுதேவிட்டார். அந்த ஆரவாரம் அடங்கியதும் வாசுகி எழுந்து நின்றார்.

“சாமி, எனக்கு ஒரு சின்ன விண்ணப்பமுங்க.”

“சொல்லு அம்மணி.”

“எங்க ஃபேக்டரியில டீ ருசி பாக்கறப்ப, எந்தத் தோட்டத்து டீன்னு கோப்பைக்கு அடியில நம்பர் மட்டுந்தான் இருக்கும். ருசி பாக்கறவருக்கும் தெரியாது, கோப்பைய நீட்டற எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க பக்கத்துல நிக்கவே கூடாதுங்க. அந்த மாதிரி ஒருக்கா பண்ணலாங்களா?”

சாமியின் கண் திறந்தது. “புகை இல்லாம அருள் எறங்காது அம்மணி. புகைதான் வாகனம்.”

“புகை இருக்கட்டுங்க சாமி. தட்டையும் மணியையும் நான் புடிச்சுக்கறேன். அண்ணன் காலையில இருந்து நின்னுட்டே இருக்காரு, வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வரட்டும்.”

கூட்டம் சிரித்தது. இதில் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏகநாதன் மேடையைப் பார்த்தார், சாமி கூரையைப் பார்த்தார். கடைசியில் சீடர் டீக்கடைக்கு நடந்தார்.

பெஞ்சில் ரவிச்சந்திரனே உட்கார்ந்தார். பக்தி குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி சட்டைப் பையில் ஓய்வுக் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. சீட்டை உருவிப் பார்த்தார். வாசுகி அந்தச் சீட்டின் பக்கமே திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி, ஊரில் எல்லோரும் அடிக்கிற மாதிரி மணி அடித்தார். “முருகா, முருகா” என்றார்.

சாமியின் நெற்றியில் வியர்வை, அதுவும் ஊட்டியில்.

“ஆட்டின் ஒம்பது,” என்றார்.

ரவிச்சந்திரன் சீட்டைக் காட்டினார். கிளாவர் மூன்று.

சாமி வாசுகியை நோக்கிக் கை நீட்டினார். “சந்தேகப் பிராணி ஒண்ணு உள்ள வந்துருக்குது. அதான் அருள் தடைபடுது. சீடனைக் கூப்பிடுங்க.”

கையில் பாதி தின்ற வர்க்கி பிஸ்கட்டுடன் ஏகநாதன் ஓடிவந்தார். தட்டை வாங்கினார். ரவிச்சந்திரன் வேறு சீட்டு உருவினார். புகை, மணி, “சிவனே, சிவனே.”

“டைமன் ஏழு.”

டைமன் ஏழுதான். கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி மூச்சுவிட்டார்.

“நான் எங்கயும் போகலீங்க சாமி,” என்றார் வாசுகி. “இங்கயேதான் நிக்கறேன். என் சந்தேகமும் அப்படியேதான் இருக்குது. அண்ணன் வந்ததும் தடை எங்க போச்சுங்க?”

அந்த நேரத்தில்தான் ரவிச்சந்திரன் என்ற பக்தர் எழுந்து போய், ரவிச்சந்திரன் என்ற பரிசோதகர் பெஞ்சில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருடம் எண்ணிப் பழகிய காது. வாசுகி அடித்தது ஒன்பது மணி; சாமி சொன்னது ஒன்பது. ஏகநாதன் அடித்தது ஏழு மணி; சாமி சொன்னது ஏழு. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தும் எண்ணவில்லையே என்று நினைத்தார். எண்ணவேண்டும் என்றே தோன்றவில்லை.

“சாமி, இன்னொரு சாம்பிள் பாக்கோணும்,” என்றார். “தட்டு அவருகிட்டயே இருக்கட்டும். மணிய எங்கிட்டக் குடுங்க.”

ஒரு சீட்டை உருவி, தானும் பார்க்காமல், யாருக்கும் காட்டாமல் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார். பிறகு மணியை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, சத்தமாக எண்ணிக்கொண்டே அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது மணிக்குச் சுப்பம்மாவும் சேர்ந்து எண்ணினார். எட்டாவது மணிக்கு மண்டபமே எண்ணியது.

“என்ன சீட்டுங்க சாமி?”

எட்டு என்று சொன்னால் மானம் போகும். வேறு எண்ணைச் சொல்லச் சாமிக்கு வழி தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடல் நடுவே அகப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். ரவிச்சந்திரன் சீட்டைத் திருப்பினார். இஸ்பேடு ராணி.

“எங்க பிரிவுல ரெண்டு சாம்பிள் தப்பா இருந்தா மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிடுவோங்க,” என்றார். அப்புறம் தொழிற்சாலையில் சொல்கிற அதே குரலில் சொன்னார். “ரிஜெக்ட்.”

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து ஏகநாதன் பிடித்திருந்த தட்டில் போட்டார். காகிதம் தீப்பிடித்தது. அந்த மண்டபத்தில் மூன்று மாதத்தில் எழுந்த ஒரே யோக்கியமான புகை அதுதான்.

அடி விழும் என்று பயந்த ஏகநாதன் மீதி ரகசியத்தையும் அங்கேயே கக்கிவிட்டார். மணி, சீட்டின் எண். ராணி என்றால் பன்னிரண்டு, ராஜா என்றால் பதின்மூன்று. தெய்வத்தின் பெயர், சீட்டின் பூ. முருகன் ஆட்டின், விநாயகர் இஸ்பேடு, சிவன் டைமன், அம்மன் கிளாவர். பன்னிரண்டு கடல் மைல் தாண்டிப் பார்க்கிற பார்வைக்குப் பன்னிரண்டு அடி தள்ளி ஒரு மணி வேண்டியிருந்தது. கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தபோது சாமி தெர்மாகோல் கப்பலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். கப்பல் இரண்டாக உடைந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மக்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ரவிச்சந்திரனும் வாசுகியும் வாசலுக்கு வந்தபோது சுப்பம்மா ஓடிவந்து வாசுகியின் காலில் விழுந்தார். பின்னாலேயே பத்துப் பேர்.

“சாமியையே தோக்கடிச்ச தாயி, உன் கையால ஒரு கயிறு கட்டி உடு.”

வாசுகி அவரைத் தூக்கி நிறுத்தினார். “கயிறெல்லாம் இல்லீங்கக்கா. நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். மூணு மாசமா உங்களுக்கும் வாயி இருந்துச்சுங்கல்ல?”

அவரும் ரவிச்சந்திரனும் பஸ் ஏறிக் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலை ரவிச்சந்திரன் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

நீங்களும் எங்காவது வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். நில்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: தட்டுப் பிடிக்கிறவரை முதலில் டீ குடிக்க அனுப்புங்கள். அதற்குப் பிறகும் உங்கள் சாமி சரியாகச் சொன்னால், டீக்காசை நான் தருகிறேன்.