ஊசி மாஸ்டரும் உப்புச் சாடியும்

பரீட்சையில் தோற்றவர்கள் கேள்வித்தாளைத் திட்டுவார்கள், திருத்தியவரைத் திட்டுவார்கள், வசமாக மாட்டினால் சனீஸ்வரனையும் திட்டுவார்கள். தன் கையைக் கடைசிவரை சந்தேகிக்காமல் பென்சிலை மட்டும் திட்டிய மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் எங்கள் ஊசி மாஸ்டர் ஒருவர்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் சொல்லிக்கொடுப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே டிராயிங் மாஸ்டர். பென்சிலை எந்நேரமும் ஊசியாகச் சீவி வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர். அந்த முனையால் அவர் போட்ட யானையைப் பார்த்த இன்ஸ்பெக்டர், "பலாப்பழம் தத்ரூபம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மாஸ்டருடையது தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். அவருக்கோ கரையில் நின்று அலையைப் பார்த்தாலே குமட்டும். ஆகவே டிராயிங்குக்கு வந்து சேர்ந்தார். கலை இப்படிப் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வேலை தற்காலிகம்தான். அரசாங்க டிராயிங் பரீட்சையில் தேறினால்தான் நிரந்தரம். அவரோ வருஷம் தவறாமல் எழுதி, வருஷம் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் தோற்றால் வீட்டுக்குப் போகலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

வீட்டில் அண்ணன் சூசை காத்திருந்தார். "ஏலே, தோத்தியன்னா மறுநா விடியமுன்ன வள்ளத்துல ஏறணும். வாந்தி எடுப்பியாக்கும்? எடு. கடல்லதான எடுக்கப் போறே, யாரு வந்து கழுவணும்?"

மாஸ்டர் இனியாவது வரைந்து பழகுவார் என்று எதிர்பார்த்தேன். பென்சில் வாங்கக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

பாம்பனில் ஒரு பாய் கடை. அங்கே மாஸ்டர் ஒவ்வொரு பென்சிலாக எடுத்து முகர்ந்தார், காதருகே வைத்து விரலால் தட்டினார், பலகையில் உருட்டினார், நாக்கில் வைத்துப் பார்த்தார். பாய் பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் மாலைத் தொழுகை நேரம் என்று ஒன்று உண்டு.

"மாஸ்டரு, பென்சிலு வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

"அவசரப்படாதீக பாய். வாழ்நாப் பிரச்சினை."

"அதான் கேட்டேன்."

கடைசியில் இரண்டு தேறின. வழியில் மாஸ்டர் தன் சித்தாந்தத்தை விளக்கினார். "சார், என் கையில குத்தமில்ல. இங்கன அடிக்கிற காத்துல ஈரம். ஈரம் உள்ள இறங்கிட்டா கரி நமுத்துப்போகும். நமுத்த கரியில கோடு நேரா வருமா?"

"அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க வீட்டுல ஒரு பொருளு கெடாம இருக்கணும்னா என்ன செய்வோம்?"

செய்தேவிட்டார். மீன் பதம் போடுகிற சாடியில் கல்லுப்பைப் பரப்பி, பென்சில்களைக் கிடத்தி, மேலே இன்னும் உப்பைக் கொட்டி மூடிவைத்தார். சூசை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மீனு செத்துப்போச்சு, அழுகக் கூடாதுன்னு உப்புப் போடுறோம். பென்சிலு எப்படா உசுரோட இருந்துச்சு?"

பரீட்சை நாளன்று சாடிக்குள் உப்பு நீர்விட்டிருந்தது. மாஸ்டர் பென்சில்களை வேட்டியில் துடைத்து, "நல்ல பதம்" என்றார். ராமநாதபுரத்தில் பரீட்சை. நானும் எழுதினேன். தமிழ் வாத்தியாருக்கு டிராயிங் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். போயும் போயும் என்னைக் கேட்டார்.

எங்கள் முன்னால் ஒரு கூஜாவை வைத்தார்கள். மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தார். மேற்பார்வையாளர் மூக்கை உறிஞ்சினார்.

"யாருய்யா அது, கருவாடு கொண்டாந்தது?"

ஹாலில் எல்லோரும் யோக்கியர்கள்போல் கூரையைப் பார்த்தோம். மாஸ்டர் தாளில் பென்சிலை அழுத்தினார். ஊறிப்போன பென்சில், ஒட்டியிருந்த பசை விட்டு, வாலிலிருந்து தலைவரை இரண்டாக விரிந்தது. காயப்போடுவதற்குக் கீறிவைத்த மீன் அப்படியேதான் இருக்கும். நடுமுள் மாதிரி கரி உருண்டு விழுந்து நொறுங்கியது. இரண்டாவதும் அதே வழியில் போனது.

மாஸ்டர் எழுந்து நின்றார். "ஐயா, ஒரு பென்சிலு..."

"இரவல் கொடுக்க விதியில் இடமில்லை" என்றார் மேற்பார்வையாளர். விதியில் இடமில்லாததையெல்லாம் செய்வதற்காகவே சர்க்கார் பியூன்களை நியமித்திருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்த பியூன், காதில் செருகியிருந்த ஒரு துண்டுப் பென்சிலை மாஸ்டரின் மேஜையில் வைத்தார். "திருப்பித் தந்துரணும். சர்க்கார் சொத்து."

மொட்டை முனை. மறுமுனையில் பல் தடம். அதை நம்புவதற்கு மாஸ்டரிடம் எந்தச் சித்தாந்தமும் இல்லை. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கூஜாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வரைந்தார். கூஜா கூஜாவாகவே வந்தது.

முடிவு வந்தது. மாஸ்டர் தேறிவிட்டார். நான் தோற்றேன். என் பென்சில் கடைசிவரை உடையவே இல்லை, பழிபோட எனக்கு ஒன்றுமில்லை.

சேதி கேட்டு, கரையேறிய ஈரத்தோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார் சூசை. "எந்தம்பி பாஸாயிட்டானாமே! நல்லவேளை, என் வள்ளம் தப்பிச்சுச்சு" என்று சத்தமாகச் சொன்னவர், திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மாஸ்டர் கலந்துகொள்ளவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த வருசம் திரும்ப எழுதுங்க சார். நானும் கூட வாரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தார். நான் உள்ளே கூஜாவைப் பூசணிக்காயாக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம், வெளியே கொளுத்துகிற வெயிலில், ஜன்னலுக்கு நேராக அந்த மனிதர் நின்றுகொண்டே இருந்தார். அந்த வருஷமும் நான் தேறவில்லை. அவர் வந்து நிற்பதானால், இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தோற்க எனக்குச் சம்மதமாக இருந்தது.