பம்புல ஓடுது, கார்ல ஓடலை

துடியலூர்,
14-5-1994

வெள்ளகோவில் மச்சான் அவர்களுக்கு சுப்பண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் நாச்சியம்மாளும் எருமை ரெண்டும் நலம். தங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் மட்டும் நலமில்லை.

அக்கா மகள் புவனாவை அந்தக் காரில்தான் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்குவேன் என்று நிச்சயத்தன்று தாய்மாமனாக நான் சபையில் சொன்னது உண்மை. நீங்களும் மகிழ்ந்து துண்டு போர்த்தினீர்கள், நல்ல சிவப்புக்கரை. மறுநாளே என்ஜினை இறக்கினேன். லேத்து சுந்தரராஜுலுவிடம் சிலிண்டரைக் கடையக் கொடுத்து, ரிங் மாற்றி, வால்வு தேய்த்து, கார்பரேட்டர் கழுவி, நம்ம பக்கத்து வழக்கப்படி தோட்டத்துக் கிணத்து பம்புல பூட்டி ஓட்டிப் பாத்தனுங்க. அடேங்கப்பா, என்ன சத்தம், என்ன தண்ணி! ஒரு ஏக்கர் வாழை நனைஞ்சு, பக்கத்துத் தோட்டத்து வரதராஜுலு, "இதக் கார்ல மாட்டிக் கெடுத்துப்போடாதீங்க"ன்னு கெஞ்சறாரு. கேட்டனா? கார்ல ஏத்துனேன். ரெண்டு இருமல், அப்பறம் பேச்சு மூச்சில்லை. டைமிங்க முன்ன வெச்சேன், பின்ன வெச்சேன், பிளக் எட்டையும் மாத்துனேன். மேட்டுப்பாளையம் ரோட்டுல எருமையக் கட்டி இழுத்தும் பாத்துட்டனுங்க. எருமைக்கு மூச்சு வாங்குச்சு, காருக்கு வரலை.

வெளிய ஓடறது உள்ள ஓடலீன்னா குத்தம் யாருது? கோவிச்சுக்காதீங்க, உங்கப்பா வாங்குன பாடி ராசி கெட்டதுங்க. இல்லீன்னா சுந்தரராஜுலு கடைசல்ல கோளாறு. கேட்டா, "பம்புல ஓடுச்சே"ங்கறான்! முப்பது வருசப் பழக்கத்த அத்துப்போட்டு வந்துட்டேன். நீங்க போர்த்துன துண்டும் அவன் பட்டறைக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து காணோம். நான் யாரையும் சொல்லலீங்க.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வாடகைக் கார் புடிச்சுக்கங்க. சபையில பேசுன வாய வெச்சுக்கிட்டு நான் எந்த மொகத்தோட வாரது? சீரை நாச்சியம்மாள் கொண்டாருவா. தோள்ல தூக்கி வளத்த புள்ளைங்க புவனா. எழுதறப்பவே அழுகை வருது.

மணமக்கள் எட்டு பிஸ்டனும் ஒத்து ஓடற மாதிரி ஒத்துமையா வாழ மாரியாத்தா துணை.

இப்படிக்கு,
சுப்பண்ணன்

பின்குறிப்பு: கவர ஒட்டப் போனா நாச்சியம்மாள் கேக்கறா, "ஏனுங்க, என்ஜின எறக்குனப்போ எலி பூந்துருமுன்னு சைலன்சர்ல எதையோ குத்தி அடைச்சீங்களே, எடுத்தீங்களா?" தொரட்டி வெச்சு இழுத்தோமுங்க. சிவப்புக்கரை வந்துச்சு. இப்பக் கார் உறுமறது உங்கூருக்கே கேக்கும். வாடகைக் கார் வேண்டாம்னுருங்க. மேல எழுதுனத அக்காகிட்டக் காட்டாதீங்க. சுந்தரராஜுலுவக் கூப்பிட நாச்சியம்மாள அனுப்பியிருக்கேன், நான் போனா ஸ்பேனர் பறக்கும். அவன முன்சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டியாறேன். மண்டபத்துல ரெண்டு துண்டு எடுத்து வையுங்க மச்சான். அவனுக்கு மொதல்ல போர்த்துங்க.