சம்பந்தியின் வேட்டி

ஓட்டல் வாஷிங் மெஷினுக்குள் சம்பந்தியின் வேட்டி கிடந்தது. மெஷின் பாதியில் நின்றுபோயிருந்தது. கதவு திறக்கவில்லை. மணி எட்டே கால். பதினோரு மணிக்கு அதே ஓட்டலின் கீழ்த்தளத்தில் மகள் சுடர்விழிக்கு நிச்சயதார்த்தம்.

அமிர்தலிங்கம் குனிந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். சோப்புத் தண்ணீருக்கு மேலே ஜரிகைக் கரை மட்டும் தெரிந்தது.

தப்பு அவருடையதுதான். பட்டுக்கோட்டையிலிருந்து காரில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தன் கையாலேயே காபி கொடுக்க வேண்டும் என்று கொண்டுபோனார். அவரைக் கண்டதும் மரியாதையாகக் கும்பிட்டார். கும்பிட்ட கையில் டம்ளர் இருந்தது நினைவில் இல்லை.

"பரவாயில்லீங்க" என்றார் சாமிதுரை. தேங்காய் வியாபாரி. அதிகம் பேசாதவர். "பையன் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்த வேட்டி. இன்னைக்குன்னு எடுத்துக் கட்டினேன்."

"புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

"வேட்டிக்கு என்னங்க, பெட்டியில இன்னொண்ணு இருக்கு. இதைக் கட்டலேன்னா பையன் முகம் வாடிடும். அதான்."

அமிர்தலிங்கத்தின் மனைவி மங்களாம்பிகை, "குடுங்க, பாத்ரூம்ல ரெண்டு கசக்கு கசக்கிட்டு வரேன்" என்று கை நீட்டினாள்.

"மெஷின் இருக்கும்போது யாராவது கையால கசக்குவாங்களா?" என்று அமிர்தலிங்கம் வேட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். தங்க வருகிறவர்கள் தாங்களே துவைத்துக்கொள்வதற்காக இரண்டாம் மாடிக் கோடியில், ஒரு சிறிய அறையில், அந்த வாஷிங் மெஷினை வைத்திருந்தார்கள்.

அமிர்தலிங்கத்துக்குச் சொந்த ஊர் குத்தாலம். முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித்துறையில் மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். ஆற்றுத் தண்ணீரே தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று நம்பினார். வீட்டுக் குழாய் மட்டும் கட்டுப்பட்டதில்லை.

"சார், தொடாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஓட்டல் மேனேஜர் நாகநாதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறையக் கவலை. "திருச்சியிலேருந்து மெக்கானிக் வரணும்."

"எப்ப வருவாரு?"

"நாளன்னைக்கு."

"எனக்குப் பதினோரு மணிக்கு வேட்டி வேணும்."

"புரியுது சார். ஆனா நீங்க பி.டபிள்யூ.டி.ல இருந்தவருன்னு வந்ததுமே சொன்னீங்க. மதகுன்னா உங்களை மிஞ்ச ஆள் இல்ல. இது கம்ப்யூட்டர் மெஷின். இது வேற."

அந்த 'வேற' அமிர்தலிங்கத்தின் நெஞ்சில் போய்த் தைத்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டார். மெஷினுக்கு உயிர் வந்தது. நாகநாதனைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே இருந்த தண்ணீரோடு இன்னும் தண்ணீரை வாங்கிக்கொண்டு, மறுபடி நின்றது. இப்போது ஜரிகையும் தெரியவில்லை.

"அதுக்குத்தான் சார் சொன்னேன்" என்றார் நாகநாதன் வருத்தமாக.

மங்களாம்பிகை வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அந்த வேட்டிதான் வேணும்னு சம்பந்தி துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

"மிக்ஸியைப் பிரிக்கும்போதும் இதைத்தான் சொன்னீங்க. பொங்கலுக்குப் பிரிச்சது, இன்னும் பிரிஞ்சேதான் கிடக்கு."

மேனேஜர் முன்னால் அவள் இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. மெஷினைச் சுற்றி வந்தார். "தண்ணி உள்ள வருது, வெளியில போகலை. அப்ப வடிகால்ல அடைப்பு. வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சா எப்படி நிக்கும், அந்த மாதிரி."

"கீழே சின்ன மூடி ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள ஃபில்டர் இருக்குன்னு சொல்வாங்க" என்றார் நாகநாதன். "அதையெல்லாம் நீங்க திறக்கக் கூடாது சார். இடது பக்கம் திருகினா போதும், கழண்டுடும். ரொம்ப ஆபத்து."

அமிர்தலிங்கம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஃபில்டரை இடது பக்கம் திருகினார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகியிருக்கலாம். முழுக்கத் திருகிக் கையோடு எடுத்துவிட்டார்.

முப்பத்திரண்டு வருஷத்தில் கரையோர மக்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் அவர் திறந்துவிட்ட முதல் தண்ணீர் அது. மடியை நனைத்து, வாசலைத் தாண்டி, நடைபாதையில் நுரையோடு ஓடி, இருநூற்றாறாம் அறையின் கதவுக்கு அடியில் புகுந்தது. அது சாமிதுரையின் அறை.

துப்புரவு வேலை செய்யும் அம்சவல்லி வாளியும் துடைப்பானுமாக ஏற்கெனவே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். "காலைத் தூக்கிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஃபில்டரில் ஒரு குழந்தையின் சாக்ஸ், நாலு கொண்டை ஊசி, உடைந்த சீப்பின் பல், யாருடைய சட்டைப் பொத்தானோ ஒன்று. எல்லாவற்றையும் வழித்துப் போட்டு, கழுவி, திருகி, மூடினார். மெஷினுக்கு அடியில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பதற்காக அம்சவல்லி கேட்டுக்கொண்டபடி மெஷினைச் சாய்த்துத் தள்ளியும் கொடுத்தார். நனைந்துபோன தன் வேட்டியோடு எழுந்து பிளக்கை மாட்டினார்.

மெஷின் மறுபடி முதலிலிருந்து துவைத்து முடித்தது. தண்ணீர் குழாய் வழியாகக் கடகடவென்று வெளியேறியது.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அமிர்தலிங்கம். எல்லாரும் ஏற்கெனவே நடைபாதையில்தான் நின்றார்கள். ஆனாலும் சொல்லத் தோன்றியது.

பிழிகிற சுற்று தொடங்கியதும் மெஷின் லேசாக ஆடியது. அப்புறம் குதித்தது. அப்புறம் நடந்தது. ஈரத் தரையில் ஒவ்வொரு அடியாக வாசலை நோக்கிப் போய், உள்பக்கம் திறக்கும் கதவை இடித்துச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு அங்கேயும் ஆடியது. உள்ளே அமிர்தலிங்கமும் அதுவும் மட்டும் இருந்தார்கள்.

"என்னங்க" என்று வெளியிலிருந்து மங்களாம்பிகை கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்ல. கதவு சாத்திக்கிச்சு."

"சுடர்விழிக்கு அலங்காரம் முடிஞ்சிடுச்சு. அப்பா எங்கேன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

அமிர்தலிங்கம் கதவை இழுத்துப் பார்த்தார். ஒரே மகள். ஏழெட்டு இடம் பார்த்து, மனசுக்குப் பிடித்து அமைந்த வரன். சம்பந்தியின் மேல் காபி, சம்பந்தியின் அறையில் வெள்ளம், சம்பந்தியின் வேட்டி மெஷினில். மெக்கானிக் வரும்வரை இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்றுகூட அவர் நினைத்தார்.

அப்போது சாமிதுரையின் குரல் கேட்டது. "சம்பந்தி, முதல்ல பிளக்கைப் புடுங்குங்க."

பிடுங்கினார். ஆட்டம் நின்றது.

"நான் இந்தப் பக்கம் தள்றேன். நீங்க அந்தப் பக்கம் இழுங்க. ஒண்ணு, ரெண்டு."

கதவு ஒரு சாண் திறந்தது. இடுப்பில் ஓட்டல் துண்டோடு சாமிதுரை ஒருக்களித்து உள்ளே வந்தார். மெஷினின் காலை உற்றுப் பார்த்தார்.

"எங்க மண்டியில தேங்காய் உரிக்கிற மெஷின் இப்படித்தான் நடக்கும். காலு நாலும் சமமா இல்ல. சாய்ச்சீங்களா? அதுலதான் இது ஒண்ணு மேல போயிடுச்சு. ஸ்பேனர் இருந்தா..."

"ஸ்பேனரெல்லாம் வேண்டாம் சார்" என்று கதவிடுக்கில் நாகநாதனின் முகம் தெரிந்தது. "பெரியவங்க நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?" அதைத் தொடர்ந்து அவர் கை உள்ளே வந்தது. அதில் சரியான அளவு ஸ்பேனர் இருந்தது.

சாமிதுரை தரையில் படுத்துக் காலைத் திருகினார். அமிர்தலிங்கம் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து மெஷினின் தலையில் படுக்கவைத்து மட்டம் பார்த்தார்.

"இன்னும் கால் சுத்து."

"இப்ப?"

"நில்லுங்க. இப்ப சரி. மடை கட்டினா மாதிரி நிக்குது."

மறுபடி பிளக்கை மாட்டி, பிழிகிற சுற்றை மட்டும் வைத்தார்கள். மெஷின் சுழன்றது, வேகமெடுத்தது, நின்ற இடத்திலேயே நின்றது. பத்தாவது நிமிஷம் கதவு 'க்ளிக்' என்றது. அமிர்தலிங்கம் வேட்டியை எடுத்து வெளிச்சத்தில் விரித்தார். கறை இருந்த இடம் தெரியவில்லை. மணி பத்து இருபது. மங்களாம்பிகை வாங்கிக்கொண்டுபோய் அயர்ன் பண்ணினாள்.

ஈரத் தரையில் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் சாமிதுரை. "எனக்கு மனசுல ஒரு தயக்கம் இருந்துச்சு. கவர்மெண்ட் வேலையில இருந்தவரு, நம்மளோட ஒட்டுவாரா மாட்டாரான்னு."

"இப்ப?"

"இப்ப நம்ம ரெண்டு பேரும் குளிக்கணும். வாங்க."

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சாமிதுரையே மெஷின் கதையைச் சொன்னார். அமிர்தலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விட்டுப்போன இடங்களை எடுத்துக்கொடுத்தார். மாப்பிள்ளை தன் அப்பாவின் வேட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

சாயங்காலம் அறையைக் காலி செய்யும்போது நாகநாதன் ரிசப்ஷனைவிட்டு எழுந்து வந்து கைகூப்பினார். "சார், நீங்க மட்டும் இல்லேன்னா அது இன்னும் எத்தனை நாள் கிடந்திருக்குமோ."

"மெக்கானிக்கெல்லாம் எதுக்குங்க?" என்றார் அமிர்தலிங்கம் பெருந்தன்மையாக. "மாசம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவுங்க. காலை மட்டம் பாருங்க. சாதாரண விஷயம்."

"இதெல்லாம் எங்களுக்கு யாரு சார் சொல்லித் தர்றாங்க" என்று நாகநாதன் அதை ஒரு தாளில் பணிவாக எழுதிக்கொண்டார்.

அமிர்தலிங்கம் நிமிர்ந்த மார்போடு வாசலுக்கு வந்து, தூணுக்குப் பின்னால் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அம்சவல்லியின் குரல் கேட்டது.

"சார், நூத்திநாலுல ஈ.பி.ல ரிட்டயரானவரு ஒருத்தர் வந்து எறங்கியிருக்காரு. ரிப்பேரான ஜெனரேட்டரைத் தொடாதீங்கன்னு நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"